இங்கேயும் ஒரு 1729

க்ரான், ஸ்லோவேனியா
2.4.2024

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு, அப்புறம் மாப்பிள்ளைக்கு என்று வீடே வரிசையாகப் படுத்து எழுந்தது. இப்போது எல்லோரும் சரியாகிவிட்டோம்.

கார்த்திக் விஷயம் படித்தேன். மார்க் சமமாக இருந்தும், சேர்ந்த தேதியைப் பார்த்து அந்தப் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். தோற்றிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும் என்றாயே, அந்த ஒரு வரியைப் படித்ததும் இங்கே ஒரு பையன் கதைதான் ஞாபகம் வந்தது. உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். காரணம் நடுவில் வரும். கணக்கு டீச்சர், நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

பையன் பெயர் பீட்டர் பிரெவ்ட்ஸ். நான் இருக்கும் இந்த க்ரான் ஊரில்தான் 1992-ல் பிறந்தான். சொந்த ஊர் ஷெலேஸ்நிகி பக்கம் ஒரு கிராமம். ஸ்கீ ஜம்பிங் வீரன். மலை உச்சியிலிருந்து சறுக்கி வந்து, பெரிய மலை என்றால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விளிம்பிலிருந்து காற்றில் பாய்ந்து, காலில் மாட்டிய இரண்டு நீளப் பலகையையும் ‘வி’ எழுத்து மாதிரி விரித்துக்கொண்டு பறந்து வந்து இறங்குவார்கள். டிவியில் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். மார்ச் 22-ம் தேதி மாப்பிள்ளை லீவு போட்டு எங்களை பிளானிட்சாவுக்கு அழைத்துப் போனார். ஆஸ்திரியா, இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நேரில் நின்றபோதுதான் புரிந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு புதுத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் தலைக்கு மேலே போகும். ஏழெட்டு வினாடி மூச்சு விடாமல் நிற்கிறோம். பலகை இரண்டும் பனியில் ‘டப்’பென்று விழும்போதுதான் கூட்டம் கத்துகிறது. சுற்றிலும் ஊதல், கொடி, தொத்திறைச்சி வாசனை. நான் டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதத்தைக் கையுறையோடு சாப்பிட்டேன், சிரிக்காதே.

சரி, கதைக்கு வருகிறேன். 2014-15 சீசன். பிப்ரவரி 14-ம் தேதி நார்வேயில் விக்கர்சுண்டில் பீட்டர் 250 மீட்டர் தாண்டினான். அதுவரை உலகத்தில் யாரும் தொடாத தூரம். மறுநாளே, அதே மலையில், ஆண்டர்ஸ் ஃபன்னெமெல் என்ற நார்வேக்காரர் 251.5 மீட்டர் தாண்டிவிட்டார். ஒரே ஒரு நாள் ராஜா! அந்த வருஷமே அவனுக்கு அப்படித்தான் அமைந்தது.

உலகக் கோப்பை என்பது இவர்களுக்கு ஒரே நாள் போட்டி இல்லை. குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் போட்டியிட்டு, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் புள்ளியைக் கூட்டுவார்கள். முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அதிகம் வைத்திருப்பவருக்குக் கண்ணாடி உருண்டை ஒன்று பரிசு. 2015 மார்ச் 22, கடைசிப் போட்டி, இதே பிளானிட்சாவில். ஜெர்மனியின் ஸெவரின் ஃப்ராய்ண்ட் முன்னால் இருந்தார். அன்றைக்கு அவர் சறுக்கி ஏழாவதாக வந்தார், 36 புள்ளிதான். பீட்டர் ஜெயித்தால் உருண்டை வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அன்று ஜெயித்தது யார் தெரியுமா? யூரி டெபெஷ். அவனும் ஸ்லோவேனியாக்காரன், பீட்டரின் சொந்த அணிக்காரன்! பீட்டர் இரண்டாவது. இதில் இன்னொரு வேடிக்கை, ஒவ்வொரு வீரனுக்கும் பச்சை விளக்குப் போட்டு அனுப்பும் பொறுப்பில் இருந்தவர் யூரியின் அப்பா மிரான்.

கூட்டிப் பார்த்தார்கள். ஃப்ராய்ண்ட் 1729. பீட்டர் 1729.

வசந்தி, மாப்பிள்ளை இதைச் சொன்னபோது கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ‘இது எங்க ஊர் நம்பர்’ என்றேன். அவருக்குப் புரியவில்லை. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீட்டைத் தாண்டித்தானே நாம் இரண்டு பேரும் தினமும் போவோம். இங்கிலாந்துக் கணக்குப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண்ணைக் கேட்டதும், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராமானுஜன் சொன்னாரே, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்று. பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும், பத்தின் கனமும் ஒன்பதின் கனமும். அதேபோலத்தான் இவர்கள் இரண்டு பேரும் 1729-க்கு வெவ்வேறு வழியில் வந்திருக்கிறார்கள். ஃப்ராய்ண்டுக்கு ஒன்பது வெற்றி. பீட்டருக்கு மூன்றே வெற்றி, மற்றதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது, இன்னும் கீழே என்று வாரா வாரம் சேர்த்தது. அவர் பன்னிரண்டும் ஒன்றும் என்றால் இவன் பத்தும் ஒன்பதும். சமம் வந்தால் வெற்றி அதிகமுள்ளவருக்குத்தான் என்பது விதி. உருண்டை ஜெர்மனிக்குப் போய்விட்டது.

எனக்கு அந்த விதி இன்னும் பிடிக்கவில்லை. ஒருநாள் உச்சத்துக்குப் போய் மறுநாள் காணாமல் போகிறவரைவிட, எப்போதும் மேடையில் நிற்கிறவன்தானே கெட்டிக்காரன்? நீ வேறு மாதிரி சொல்வாய். பரீட்சைத் தாள் திருத்தும்போதே நாம் இதற்குச் சண்டை போட்டிருக்கிறோம்.

அடுத்த சீசனில் பீட்டர் 15 வெற்றி, 2303 புள்ளி எடுத்தான். யாரும் விதியைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்குப் பிறகு கணுக்கால் அறுவை சிகிச்சை, பல வருஷம் பழைய இடத்துக்குத் திரும்பவே முடியவில்லை. தம்பி டோமென் போட்டிகளில் வென்றான். கடைக்குட்டித் தங்கைகளில் ஒருத்தி நிகா, 19 வயது, இந்த வருஷம் பெண்கள் உலகக் கோப்பையையே வாங்கிவிட்டாள். 2022-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலப்பு அணியில் பீட்டருக்குத் தங்கம். ஆண்கள் அணி வெள்ளியில் இன்னொரு தம்பி ட்செனேவும் இருந்தான். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசுவார்களோ!

இந்தச் சீசனோடு ஓய்வு என்று பீட்டர் அறிவித்திருந்தான், வயது 31. நாங்கள் போன வெள்ளிக்கிழமை, அதே மலையில், அவனே முதலாவது. பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா தன் ஊதலைப் பேரனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்.

கார்த்திக்கிடம் இதையெல்லாம் சொல்லாதே. ‘பெரியம்மா கதை சொல்லி ஆறுதல் சொல்றாங்க’ என்பான். அடுத்த தேர்வு எப்போது என்று மட்டும் கேட்டு எழுது.

மே 20-ம் தேதி வருகிறேன். இங்கே பூசணி விதை எண்ணெய் பிரபலம், கரும்பச்சையாக இருக்கும். தோசையில் ஊற்றிப் பார்த்தேன், மாப்பிள்ளை மட்டும் சாப்பிட்டார். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வருகிறேன், சாலட்டுக்கு வைத்துக்கொள். முழங்கால் வலிக்கு அந்தத் தைலம் இன்னும் போடுகிறாயா?

அன்புடன்,
உமா