தாமரைக் கிழங்கு வேண்டாம் அப்பா

ரெடிங், இங்கிலாந்து
ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இவரும் குழந்தையும் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில், செப்டம்பரில் வரும்போது கோயில் குளத்துத் தாமரைக் கிழங்கு கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதையாவது முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

கொல்லையில் குளம் என்றுதான் உங்களிடம் சொல்லியிருந்தேன். நம் ஊர்க் கணக்கில் அதைக் குளம் என்றால் சிரிப்பார்கள். நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒன்றரை, நடுவில் ஆழம் 60 செ.மீ. ஓர் எருமை இறங்கிப் படுத்தால் பாதித் தண்ணீர் வெளியே வந்துவிடும். அடியில் சேறும் கிடையாது. கறுப்பு ரப்பர் விரிப்புதான். ஆகவே செடியைப் பக்கமெல்லாம் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில் நட்டு, கூடையோடு இறக்க வேண்டும். மண் ஓட்டை வழியே கரைந்து போகாமல் உள்ளே கோணித்துணி விரிக்க வேண்டும். நம் களத்தில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும் கோணியை இங்கே கத்தரித்து, மடித்து, விலை போட்டு விற்கிறார்கள். (அம்மாவிடம் சொல்லுங்கள், குழந்தைக்காகக் குளத்தின் மேல் இரும்புக் கம்பித் தட்டி போட்டிருக்கிறோம்.)

போன வருடம் நட்டது பாழாய்ப் போனதை உங்களிடம் மறைத்துவிட்டேன். நீங்கள் பழக்கிய கைதானே, உரம் போடாமல் நடத் தெரியவில்லை. கடையில் மக்கிய மாட்டுச் சாணம் மூட்டையில் கிடைத்தது. அதை நல்ல தோட்ட மண்ணோடு கலந்து கூடையை நிரப்பினேன். இரண்டே வாரத்தில் தண்ணீர் கீரை வேகவைத்த நீர் போல ஆகிவிட்டது. அடுத்து நூல்பாசி வந்தது. குச்சியை விட்டுச் சுற்றினால் சேமியா போலத் திரண்டு வரும். மறுநாள் அதே அளவு மறுபடி இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உரம் செடிக்கா பாசிக்கா என்று கேட்டாள். வயலில் போடும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நெல் வாங்கிக்கொள்ளும். இந்தச் சின்னத் தண்ணீரிலோ அவை வேருக்குக் காத்திருக்காமல் கரைந்து வெளியே வந்துவிடுகின்றன, பாசி முந்திக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரே ஆகாது என்றாள் பாட்டி. பழைய வீடுகளின் ஈயக் குழாய் கரையாமல் இருக்கக் குடிநீரில் பாஸ்பேட் சேர்க்கிறார்களாம், அதுவும் மணிச்சத்துதான். இப்போது கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துத்தான் ஊற்றுகிறேன். மழைக்கு இங்கே பெரும்பாலும் குறைவில்லை.

பச்சைத் தண்ணீருக்கு, மேலே மிதந்து படரும் அசோலாவை விடு என்று நீங்கள் சொன்னதைப் பாட்டியிடம் சொன்னேன். பதறிப்போனாள். 2014 ஏப்ரலில் இங்கிலாந்தில் 5 நீர்ச்செடிகளை விற்கத் தடை வந்தது. அவற்றில் அசோலாவின் ஒரு வகையும் உண்டு. கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டியில் வளர்த்து நீங்கள் மாட்டுக்கு அள்ளிப் போடுவதன் உறவுச் செடியை இங்கே ஒருவர் விற்றால் குற்றம்! கால்வாய்களை அது மூடிவிடுகிறதாம். தின்ன மாடு இல்லாததால், அதையே தின்று வாழும் ஒரு கூன்வண்டை விலைக்கு வாங்கி விடுகிறார்கள்.

இந்த ஏப்ரலில் பாட்டியே தன் அல்லிக் கிழங்கிலிருந்து, நுனியில் முளையோடு ஒரு சாண் துண்டை ரொட்டிக் கத்தியால் அறுத்துக் கொடுத்தாள். மண் வெறும் களிமண். சத்தில்லாத, கனத்த மண்ணாகப் பார்த்து வாங்கினேன். காசு கொடுத்து மெலிந்த மண் வாங்கியதை மன்னித்துவிடுங்கள். கிழங்கைப் படுக்கவைத்து, முளை மட்டும் வெளியே தெரியும்படி முஷ்டியால் அழுத்தி, மேலே ஓர் அங்குலம் சிறு சரளை பரப்பினேன். பிறகு பூவாளியால் நீர் விட்டு, குமிழி நிற்கும்வரை ஊறவிட வேண்டும். உலர்ந்த கூடையை அப்படியே இறக்கினால் காற்று கிளம்பி மண்ணைக் கக்கிவிடும். நேரே அடியிலும் வைக்கக் கூடாது. மூன்று செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தோம். இலைக்காம்பு நீள நீள ஒவ்வொரு செங்கல்லாய் உருவுகிறோம். இன்னும் ஒன்று பாக்கி. தண்ணீரில் பாதிக்கு மேல் இலை மூடிவிட்டால் பாசிக்கு வெயில் கிடைக்காது.

இந்த அல்லி வெளிர் மஞ்சள். பிரான்சில் லத்தூர் மார்லியாக் என்பவர் 1875-இல் நாற்றங்கால் தொடங்கி, குளிர் தாங்கும் அல்லிகளில் வண்ண வகைகளை உண்டாக்கினார், அந்த வம்சம். நம் அல்லி நிலவுக்கு விரியும். இது காலையில் அலுவலகம் போல் திறந்து, மாலைக்குள் மூடிவிடுகிறது!

தாமரைக்கு வருகிறேன். ஜூலையிலும் இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும் ஊர் இது. இலை விட்டாலும் மொட்டு வருவது அரிது. லண்டன் கியூ பூங்காவில் 1852-இல் கட்டிய அல்லி வீடு இருக்கிறது. அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்துவிட்டது. அப்படிப்பட்ட சூடு இருந்தால்தான் தாமரை நன்றாகப் பூக்கும். தவிர, தாவர நலச் சான்றிதழ் இல்லாத கிழங்கை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வேட்டி மடிப்பில் ஒளிக்கும் யோசனையும் வேண்டாம்.

வெறுங்கையோடு வாருங்கள். குளத்தோரத்து மஞ்சள் ஐரிஸ் பூச்செடி, கூடையின் ஓட்டைகள் வழியே வேர்விட்டு அதைப் பிளந்துகொண்டிருக்கிறது. வெளியே எடுத்து, ரம்பத்தால் அறுத்துப் பிரித்து நட வேண்டும். தனியாக என்னால் தூக்க முடியவில்லை. முழங்கால் வலித்தால் கரையில் நாற்காலி போட்டுத் தருகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல, உங்கள் மாப்பிள்ளை இறங்குவார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அன்பு மகள்