சில்லறை வேலையா அது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியர்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, மாணவி சோஃபி ஷோலைத் தவிர்த்த மற்றப் பெண்கள் "தட்டச்சு, தபால்தலை போன்ற சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டது. விவரம் தெரிந்தவர் எழுதியிருப்பார், இருக்கட்டும்.

உங்கள் அலுவலகத்தில் சைக்ளோஸ்டைல் (மெழுகுத்தாளில் தட்டச்சடித்துப் பிரதி எடுக்கும் முறை) காலத்து ஆள் ஒருவராவது இருப்பார். கேட்டுப் பாருங்கள். ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் வெறும் அச்சு விழ அடிக்க வேண்டும். விசை ஓங்கி விழுந்தால் 'ஓ' எழுத்தின் நடுவட்டம் உதிர்ந்து மைப்பொட்டாகிவிடும். மெதுவாக விழுந்தால் மை இறங்காது. வழவழப்பான தாள் மையை உறிஞ்சாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். மியூனிக்கில் சோஃபி இருந்த, வெள்ளை ரோஜா என்ற ஹிட்லர் எதிர்ப்புக் குழு 1943 ஜனவரியில் தன் ஐந்தாவது துண்டறிக்கையைக் கையால் சுற்றும் இயந்திரத்தில் 6,000 முதல் 9,000 பிரதி வரை எடுத்தது. போர்க்காலத்தில் ஒரே கடையில் கட்டுக்கட்டாகத் தாளோ, ஒரே கவுன்டரில் நூற்றுக்கணக்கில் தபால்தலையோ கேட்டால் சந்தேகம் வரும். அதனால் கடை கடையாக ஏறி இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். ரயிலில் பெட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, வேறிடத்தில் போய் உட்கார்ந்தார்கள். தபால்தலை வாங்கியவர்களில் சோஃபியும் ஒருவர், குழுவின் வரவுசெலவும் அவர் கையில். இது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியுமா?

பெர்லினில் ஹில்டெ கோப்பி பார்த்த 'சில்லறை வேலை' இது: மாஸ்கோ வானொலியைக் கேட்டு, அதில் வாசிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கைதிகளின் பெயர், முகவரியைக் குறித்துக்கொண்டு, மகன் உயிரோடு இருக்கிறான் என்று வீட்டாருக்குத் தெரிவிப்பது. சிறையில் பிள்ளை பெற்றார். 1943 ஆகஸ்ட் 5 அன்று ப்ளோட்சன்ஸே சிறையில் கொல்லப்பட்டார். அதே நாளில் அங்கேயே லியானெ பெர்கோவிட்ஸ். நாஜிக் கண்காட்சிக்கு எதிராகச் சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டிய அவருக்கு வயது 19. வீட்டுவேலை செய்த எலிஸெ ஹாம்பெல், கணவரோடு சேர்ந்து ஹிட்லருக்கு எதிராகக் கையால் எழுதிய 200-க்கும் மேற்பட்ட அட்டைகளை மாடிப்படிகளில் வைத்துவிட்டு வந்தார். எடுத்தவர்கள் பெரும்பாலும் போலீசில் ஒப்படைத்தார்கள். இருவர் தலையும் போயிற்று. கொன்றபின் குடும்பத்துக்கு பில் வேறு போகும்: மரண தண்டனைக் கட்டணம் 300 மார்க், பில்லை அனுப்பிய தபால்தலைக்கு 12 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்). தபால்தலையை நாஜிகளே சில்லறையாக நினைக்கவில்லை, ஐயா.

ஜூலை 20 வந்தால், 1944-ல் அந்த நாளில் ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபன்பெர்க்குக்கு முழுப்பக்கம், வருடம் தவறாமல். பிடித்துவைக்கப்பட்ட யூதக் கணவர்களை விடுவிக்கச் சொல்லி 1943-ல் ரோசன்ஸ்ட்ராஸே தெருவில் நின்ற மனைவியருக்கு ஒருமுறை மூன்று வரி கொடுத்தீர்கள். அதிலும் ஊர் ஹாம்பர்க் என்று அச்சாகியிருந்தது. அது பெர்லின் என்று உங்களுக்கு எழுதினேன், திருத்தம் வரவில்லை. இடமில்லை போலும். அதே இதழில் ராசிபலன் நான்கு பக்கம் வந்திருந்தது.

மறுப்புக் கட்டுரையெல்லாம் கேட்கவில்லை. 'திருத்தம்' பெட்டியில் மேற்சொன்ன மூன்று பெண்களின் பெயரைப் போட்டால் போதும். ஹில்டெயை ஹில்டா ஆக்காமல்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்