தனத்துக்கு, நைட் டூட்டி முடிந்து

மதுரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள தனம்,

நீ திட்டி அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். மூன்றாவதில் உன் குரலைவிடக் குக்கர் விசில்தான் அதிகம். திட்டியதெல்லாம் நியாயம்தான். தம்பிக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகி ஒன்பது நாளாக யூரின் வரவில்லை என்று நீ அழுதபோது, "சரியாயிடும்டி" என்று சொல்லி போனை வைத்தவள் நான். அப்புறம் எடுக்கவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, எழுதினால் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம். சின்னவன் பத்தாவது, எனக்குத்தான் பரீட்சைக் காய்ச்சல். ஃப்ளோரா சிஸ்டர் ரிட்டயர் ஆகிவிட்டார். டார்ச் லைட்டை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "புதுக் கிட்னி வைத்தும் ஏன்டி நாலு டயாலிசிஸ்? டாக்டர் சொதப்பிட்டாரா?" என்று கேட்டாய். தம்பி விஷயத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வரும் கிட்னி இப்படிச் சில நாள், சில வாரம்கூட அசந்து தூங்கிவிட்டு எழுந்திருப்பது சகஜம். கொடுத்தவரின் வயது, ஐஸில் கிடந்த நேரம் என்று பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. கொடுத்தவரைக் கடைசி ஒரு நாள் ஐசியுவில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அது. அதாவது, எங்கள் வேலை.

நீ கல்யாணத்தோடு யூனிஃபார்மைக் கழற்றியவள், அதனால் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள். மூளைத்தண்டு நசுங்குகிற நேரத்தில் உடம்பில் அட்ரினலின் வெள்ளமாகப் பாயும். பிபி 200ஐத் தாண்டும், ரத்தக்குழாய்கள் இறுகும், கிட்னிக்கு முதல் அடி அங்கேயே விழும். அது ஓய்ந்ததும் பிபி தடாலென்று 70க்கு வரும். தண்ணீரைப் பிடித்து வை என்று கிட்னிக்குச் சொல்லும் வாசோபிரசின் சுரப்பது நின்றுபோகும். யூரின் பைப்பைத் திறந்துவிட்டது போலக் கொட்டும், சோடியம் ஏறும், உடம்பு சில்லிட்டுப் போகும். நம் சட்டப்படி நாலு டாக்டர்கள், 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை மூளைச்சாவுதானா என்று சோதனை செய்ய வேண்டும். விபத்துக் கேஸ் என்றால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் காகிதம் எல்லாம் அதற்கு மேல். அத்தனை மணி நேரமும் பிபி விழாமல், உடம்பு வறளாமல் யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

நான் நிற்கவில்லை, தனம்.

இதற்கு முந்தைய ஆஸ்பத்திரி. அன்று என் கையில் மூன்று பெட். அதில் ஒருவர் மூளைச்சாவு அடைந்தவர். உறுப்பு கொடுக்க அவர் குடும்பம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதும் எங்களையும் அறியாமல் கவனம் பக்கத்து பெட்டுகளுக்குப் போய்விட்டது. உயிரோடு இருப்பவரை முதலில் பார்ப்போம் என்ற நினைப்புதான், வேறொன்றுமில்லை. யூரின் பை நிறைந்தது, கொட்டினேன், சார்ட்டில் எழுதினேன். மணிக்கு 500, 600, 550 மில்லி. கையெழுத்து அழகாக இருந்தது, டாக்டரைத்தான் கூப்பிடவில்லை. விடியற்காலை ரத்த ரிப்போர்ட்டில் சோடியம் 171, பிபி 74. அப்புறம்தான் வாசோபிரசின், டிரிப், ஓட்டம் எல்லாம். இரண்டு கிட்னியையும் எடுத்தார்கள். வாங்கிய ஒருவருக்கு இரண்டு வாரம் டயாலிசிஸ் ஓடியது என்று பின்னால் காதில் விழுந்தது. என்னாலா, ஐஸாலா? யாராலும் சொல்ல முடியாது. நீ "ஒன்பது நாள்" என்று சொன்னதும் எனக்கு அந்தச் சார்ட்தான் கண்ணில் வந்தது. இப்போது புரிகிறதா, ஏன் போனை வைத்தேன் என்று?

பயிற்சி வகுப்பில் மயக்க டாக்டர் ஒருவர் சொன்னதைக் கேள். அமெரிக்காவில், கலிபோர்னியா, நெவாடா பக்கம் ஒரு ஆய்வு, 2015இல் வெளியானது. மூளைச்சாவு உறுதியானபின் சிலரை வழக்கம்போலச் சூடாக வைத்தார்கள், சிலரை 34, 35 டிகிரிக்குக் குளிரவிட்டார்கள். சூடாக இருந்தவர்களின் கிட்னி வாங்கியவர்களில் 39 சதவீதம் பேருக்கு முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டது. குளிர்ந்தவர்களின் கிட்னி வாங்கியவர்களில் 28. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது, வெறும் இரண்டு டிகிரி! நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூளைச்சாவுச் சோதனைக்கு உடம்பு சூடாக இருந்தாக வேண்டும் என்பதால் ராத்திரி முழுக்க நாங்கள் போர்வை போட்டுத்தானே பழக்கம். உடனே ஏசியைக் கூட்டிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் 2023இல் அதே ஆட்கள் மறுபடி பார்த்தபோது, எடுத்தபின் மெஷினில் வைத்துக் குளிர்ந்த திரவத்தை ஓடவிட்ட கிட்னி வாங்கியவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான் டயாலிசிஸ், உடம்பைக் குளிரவிட்டவர்களின் கிட்னி வாங்கியவர்களில் 30. மெஷின் ஜெயித்துவிட்டது. மெஷினுக்கு நான் எங்கே போக? என்னிடம் இருப்பது யூரின் பையும் ஒரு கடிகாரமும்.

போன வாரம் மறுபடி ஒருவர். இந்தத் தடவை ஒரே பெட்தான் பார்ப்பேன் என்று இன்சார்ஜிடம் சண்டை போட்டு வாங்கினேன் (என் வாய் உனக்குத் தெரியும்). மணிக்கொரு தடவை யூரின் அளந்து அதற்கேற்ப டிரிப். 300ஐத் தாண்டியதுமே டாக்டரை எழுப்பிவிட்டேன். சக்‌ஷன் குழாயைச் சளி எடுக்கத் தொண்டைக்குள் விடும்போது பழக்க தோஷத்தில் "கொஞ்சம் இருமல் வரும் தம்பி" என்றேன். இருமல் வரவில்லை. அது வராது என்று தெரிந்தும் கை ஒரு நிமிடம் நின்றது. பக்கத்தில் இருந்த புதுப் பெண், "அவருக்குத்தான் கேட்காதே சிஸ்டர்" என்றாள். பதில் சொல்லாமல் அவள் கையில் அளவுக் குவளையைக் கொடுத்தேன்.

மறுநாள் அரசு மரியாதை, மாலை, அதிகாரிகள். 2023இலிருந்து நம் ஊரில் அது நடக்கிறது, நல்ல விஷயம்தான். நான் அப்போது பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்குக் கொடுத்தவர் யார் என்று விசாரித்துச் சொல் என்று மட்டும் கேட்காதே, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை மணி தவறக் கூடாது, கல்யாண வீடாக இருந்தாலும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, அவனுடைய கிரியேட்டினின், இப்போது எவ்வளவு? "நல்லா இருக்கான்" என்று எழுதாதே, நம்பரை எழுது. ஒரு நாள் யூரின் எத்தனை மில்லி என்றும் சேர்த்து. புளியோதரை விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதற்குத் தனிக் கடிதம் வரும்.

உன்,
மலர்