பிளாஸ்டர்ஸிடம் தோற்ற அன்று என்னைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் கால்பந்து மேட்ச்; நம்ம சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-3 என்று தோற்றது. அதைப் பற்றிப் புலம்ப நிறைய பேர் இருக்கிறார்கள். நான் நன்றி சொல்ல வந்தேன்.

வியாசர்பாடியில் பந்து ஆடுகிறவனுக்குக் கணுக்கால் உடைவது பெரிய செய்தி இல்லை. பிளாஸ்டர்ஸ் மேட்சுக்கு முன்னால் உடைந்ததுதான் கொடுமை. நவம்பரில் கொச்சியில் 3-0 என்று வாங்கிக்கொண்டு வந்ததற்கு இங்கே கணக்குத் தீர்ப்போம் என்றிருந்தோம். மாவுக்கட்டோடு டிவி முன்னால் உட்காரத் தயாராகிவிட்ட என்னை, எங்கள் டீம் கோல்கீப்பரும் லெஃப்ட் பேக்கும் எப்போதும் பெஞ்சிலேயே இருக்கும் சப்பும் (மாற்று ஆட்டக்காரன்) வந்து கிளப்பினார்கள். பெயர் போடாதே என்று மூவரும் சொல்லிவிட்டதால் ஆடும் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் நன்றி, முணுமுணுத்தபடியே ஜெர்சியைத் தேய்த்துக் கொடுத்த அம்மாவுக்கு. அடுத்தது, கால் நீட்டிக்கொள்ள பின்சீட்டை முழுசாக விட்டு, பெரியமேடு நெரிசலில் கேட் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிய ஆட்டோ அண்ணனுக்கு. கேட்டில் ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "மெதுவா போப்பா" என்று வரிசையைத் தாண்டி அனுப்பிய பெண் காவலருக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஸ்டேடியம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து கோல் போஸ்ட் எங்கோ செங்குன்றத்தில் இருக்கிற மாதிரி தெரியும். அதனால் மேலேதான் உட்கார வேண்டும் என்று கோல்கீப்பர் அடம் பிடித்தான். அவனும் லெஃப்ட் பேக்கும் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் படியேறிக்கொண்டிருந்தபோதே பிளாஸ்டர்ஸின் ஹெசூஸ் ஹிமெனெஸ் கோல் அடித்துவிட்டார். மூன்றாவது நிமிடம்! கோல்கீப்பர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். என்னைப் பிடித்திருந்த கையையும் சேர்த்து. அந்த நேரத்தில் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த பெரியவரே, நீங்கள் யாரென்று தெரியவில்லை, உங்களுக்குப் பெரிய நன்றி.

மீதிக் கதை சுருக்கம். 37ஆவது நிமிடத்தில் எங்கள் வில்மர் ஜோர்டானுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு முக்கிக்கொண்டிருந்தபோது, இடைவேளைக்குச் சற்று முன்னால் அவர்களின் 18 வயது கோரூ சிங் இரண்டாவதைப் போட்டார். பையன் ஆட்டத்தைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 56ஆவது நிமிடத்தில் பெப்ரா மூன்றாவது. அப்புறம் எங்கள் பக்கம் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

நாங்கள் போகவில்லை. விசுவாசம் எல்லாம் இல்லை, கூட்டத்தோடு என்னை இறக்க முடியாது, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் சப் 2018 அரையிறுதியை எடுத்தான்: இதே மைதானம், கோவாவை 3-0, அதில் ஒரு கோல் எங்கள் வடசென்னை தன்பால் கணேஷ். அவன் அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பான், இன்னும் சலிக்கவில்லை. அவன் அன்றைய எங்கள் ஸ்ட்ரைக்கர் ஜேஜேயின் இரண்டாவது கோலுக்கு வந்தபோது, இங்கே இஞ்சுரி டைமில் எங்கள் வின்சி பரேட்டோ ஒன்றைப் போட்டார். முன்பு பிளாஸ்டர்ஸுக்கு ஆடியவர் வேறு! பாதி காலியாகிவிட்ட வரிசைகளில், கோப்பையையே வென்ற மாதிரி கத்தினோம். எங்களை அதுவரை உட்கார வைத்ததற்காக என் கணுக்காலுக்கும் ஒரு நன்றி.

வெளியே வரும்போது மஞ்சள் சட்டைக் கூட்டம் செண்டை அடித்துக்கொண்டு வந்தது. இடித்துத் தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரு சேட்டா என் ஊன்றுகோலைப் பார்த்ததும் நண்பர்களைக் கைகோத்து நிற்கச் சொல்லி, ஆட்டோ வரைக்கும் எங்களைச் சுற்றி வளையம் போட்டே கூட்டி வந்தார். ஏறி உட்கார்ந்ததும், "கால் சரியாகட்டும், மறுபடி தோற்கடிக்கிறோம்" என்றார். சேட்டா, நன்றி. நீங்கள் சொன்னதில் இரண்டாவது பாதியை மட்டும் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

அப்புறம் வியாசர்பாடியில் கடை மூடும் நேரத்தில் எங்களுக்காக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பிசைந்து, கேட்காமலே வாழைத்தண்டு சூப்பை இரண்டாவது தடவை ஊற்றிய அக்கா. ஸ்கோர் என்னவென்று நீங்கள் கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்து நன்றி, அக்கா. காசு சப் கொடுத்துவிட்டான் என்று கோல்கீப்பர் சொல்கிறான், கோல்கீப்பர் கொடுத்தான் என்று சப் சொல்கிறான். யாருமே கொடுக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள்.