போனில் சொல்ல முடியாமல் போனது

பியூரின் தீபகற்பம், நியூஃபவுண்ட்லாந்து
19.10.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலமா? இது உன் கைக்கு வரும்போது தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். பாப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

போன வாரம் போனில் கேட்டாயே, "எங்கேயோ இருக்கிற அமெரிக்காக்காரன் வரி போட்டா, தூத்துக்குடியில இறால் உரிக்கிற எனக்கு ஏன்டா வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை?" என்று. நான் ஏதோ உளறினேன், அதற்குள் லைன் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இருக்கும் இந்த ஊரும் ஆறேழு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊரைப் பற்றிச் சொன்னால் உனக்கும் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் கனடா என்றால் டொராண்டோதான். நான் இருப்பது அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக் கரை. ஊரில் நானூறு பேர்கூட இருக்க மாட்டோம். மரவீடுகள், ஒரு மாதா கோவில், ஒரு படகுத்துறை, ஒரு மீன் கம்பெனி. மரம் இல்லை, காற்று மட்டும் ஓயாது. இந்த நியூஃபவுண்ட்லாந்து தீவின் கடிகாரமும் நம் நாட்டுடையதைப் போல அரை மணிக் கணக்கில் ஓடுகிறது. அதனால்தான் உனக்கும் எனக்கும் இப்போது சரியாக எட்டு மணி நேர வித்தியாசம். நவம்பரில் ஒன்பதாகிவிடும், போன் பண்ணும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

நான் வந்த முதல் வாரம், துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "நீ தமிழா?" என்று கேட்டார். திகைத்துப்போனேன். 1986 ஆகஸ்டில் செயின்ட் ஷாட்ஸ் பக்கம் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்களாம். அவர்களைக் கண்டு கரை சேர்த்தவர்கள் இந்தத் தீவின் மீன்பிடிகாரர்கள். அதைச் சொல்லிவிட்டு, தெர்மாஸிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். அதன் பிறகு இந்த ஊரை நான் அன்னியமாக நினைத்ததே இல்லை.

இவர்கள் பேச்சில் 'மீன்' என்றால் காட் மீன் மட்டும்தான். நண்டு நண்டு, சிங்கி இறால் சிங்கி இறால், காட் மட்டுமே மீன். அந்த மீன் அற்றுப்போனதால் 1992 ஜூலை 2 அன்று மத்திய அரசு வடபகுதியில் காட் பிடிக்கத் தடை போட்டது. அடுத்த ஆண்டு இந்தத் தெற்குக் கரைக்கும் தடை வந்தது. நியூஃபவுண்ட்லாந்தில் ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போயிற்று. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா அப்போது மீன் கம்பெனியில் கத்தி பிடித்தவர். அவருடைய இரண்டு பையன்களும் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போனவர்கள்தான், திரும்பவில்லை. மிஞ்சிய ஊர்களைக் காப்பாற்றியது பனி நண்டு. அதில் பெரும்பகுதியை வாங்குவது அமெரிக்கா.

நண்டு வேலை உனக்குப் புரியும், நீ செய்கிற வேலை மாதிரிதான். ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை படகுகள் வரும். உயிர் நண்டை ஓட்டிலிருந்து இரண்டாகப் பிளந்து, செவுளைச் சுரண்டி, காலோடு சேர்த்து அவித்து, உப்புநீரில் உறையவைத்துப் பெட்டி போடுவோம். அவிக்கும் ஆவியை வருஷக்கணக்கில் மூச்சோடு இழுத்தவர்களுக்கு இரைப்பு வருகிறது, 'நண்டு ஆஸ்துமா' என்றே பேர். உன் விரல்கள் ஐஸில் வெடிப்பதைப் பார்த்தவன், இங்கே மற்றப் பெண்கள் இருமுவதைக் கேட்கிறேன்.

குளிர்காலத்தில் இங்கே வேலை கிடையாது. அப்போது அரசின் வேலையிழப்புக் காப்பீட்டில்தான் வீடு நடக்கும். அதை வாங்க ஓராண்டுக்குள் குறைந்தது இத்தனை மணி நேரம் உழைத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பகுதியைப் பொறுத்து 420-லிருந்து 700 மணி வரை. நம்மூரில் நாள் கூலியை எண்ணுவது போல இவர்கள் மணியை எண்ணுகிறார்கள். வீட்டுக்காரம்மா சமையலறை இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் எந்த வாரம் எத்தனை மணி என்று பென்சிலில் எழுதி வைத்தது. 2023 பக்கத்தில் ஏப்ரலிலும் மே மாதத்தின் பெரும்பகுதியிலும் சுழியம். 2022-ல் ராத்தல் 7 டாலர் 60 சென்டுக்குத் தொடங்கிய நண்டு, 2023-ல் 2 டாலர் 20-க்கு விழுந்தது. அமெரிக்காவில் வாங்குவது குறைந்துவிட்டது. அந்த விலைக்குக் கடலுக்குப் போவதில்லை என்று மீன்பிடிகாரர்கள் ஆறு வாரம் போலப் படகைக் கட்டிப்போட்டார்கள். அதற்கு வரிகூடத் தேவைப்படவில்லை, பார். ஒரே சரக்கு, ஒரே ஆள் வாங்குகிறான் என்றால் அவன் தும்மினாலே நமக்குக் காய்ச்சல்.

இந்த வருஷம் மார்ச் 4 அன்று கனடா சரக்கு பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. நண்டு சீசனுக்கு ஒரு மாதம்கூட இல்லை. நல்லவேளை, 7-ம் தேதியே, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி வரும் சரக்குக்கு வரி இல்லை என்று மாற்றினார்கள். நான் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பதால் அந்த ஒப்பந்தத்துக்கான பத்திரம் என் மேசை வழியாகவும் போகிறது. நண்டு எந்தக் கடலில் பிடித்தது, எங்கே அவித்தது, முழுக்கக் கனடாச் சரக்குதானா என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் இருந்தால் நண்டு வரியில்லாமல் போகும், இல்லையென்றால் மாட்டிக்கொள்ளும். எழுதும்போது கை நடுங்குகிறது அக்கா, நானூறு பேரின் குளிர்காலம் அதில் இருக்கிறது.

ஆக நண்டு தப்பியது. ஆனால் அது நிச்சயமாகத் தெரியாத அந்த வாரங்களை இந்த ஊர் மறக்கவில்லை. ஒருவர் படகுக்குப் புது இன்ஜின் வாங்க வங்கியில் பேசியிருந்தார், நிறுத்திவிட்டார். இன்னொரு குடும்பம் வீட்டை விற்கப் பலகை மாட்டியது. அந்த முடிவுகள் அப்படியே நின்றுவிட்டன.

சிங்கி இறால் தப்பவில்லை. அதை அடித்தது சீனா. சீனாவின் மின்சாரக் கார்களுக்குக் கனடா 100 சதவீத வரி போட்டிருந்தது. பதிலுக்கு மார்ச் 20 முதல் கனடாவின் கடல் உணவுகள் மேல் சீனா 25 சதவீத வரி போட்டது. கார் தொழில் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். இந்தக் கரையில் கார் செய்கிற யாரும் இல்லை. கூண்டு போட்டு இறால் பிடிக்கிறவன்தான் அந்தக் காருக்காகக் கொடுக்கிறான்.

அதைவிட என்னை உலுக்கியது எதிர்க்கரை. தெளிவான ராத்திரியில் கடலுக்கு அப்பால் விளக்குகள் தெரியும். அது செயின்ட் பியர், மிக்கலோன் தீவுகள். பிரான்சுக்குச் சொந்தம், யூரோ நாணயம், இங்கிருந்து அரை மணி முந்திய நேரம். மொத்தம் 6,000 பேருக்கும் குறைவு. ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினாரே, அதன் பட்டியலில் மிக உயர்ந்த வரி 50 சதவீதம். அது விழுந்தது இந்தத் தீவுகள் மேலும், ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மேலும்.

என்ன குற்றம் செய்தார்கள்? கணக்கைக் கேள். ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, அங்கிருந்து வாங்கும் தொகையால் வகுத்து, வந்ததில் பாதியை வரியாக வைத்தார்கள். 2024 ஜூலையில் ஒரே மாதத்தில் இந்தத் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது சுமார் 34 லட்சம் டாலர் சரக்கு, பெரும்பாலும் ஹாலிபட் மீன். அமெரிக்காவிடமிருந்து அவர்கள் வாங்கியதோ மிகச் சொற்பம். அந்த ஒரு மாதத்து மீனால் 99 சதவீதம் என்று கணக்கு வந்து, பாதி 50 ஆனது. பெரிய நாட்டில் ஒரு மாதத்து மீன் கணக்கில் கரைந்துபோகும். 6,000 பேர் ஊரில் அதுதான் மொத்தக் கணக்கும். ஒரு வாரத்துக்குள் அதை 10 சதவீதம் ஆக்கினார்கள் என்பது வேறு. அந்தத் தீவில் மீன் அறுக்கிறவளும் உன்னைப் போலத்தான் "நான் என்ன செய்தேன்?" என்று கேட்டிருப்பாள், அவளுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

லெசோத்தோ பெண்கள் அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைப்பவர்கள், நம் திருப்பூர்ப் பெண்கள் மாதிரி. ஆகஸ்டில் அவர்களுக்கு 15 ஆகக் குறைந்தது. ஆனால் நிச்சயமில்லாத அந்த மாதங்களில் ஆர்டர் போனது போனதுதான், அந்த நாடு ஜூலையில் பேரிடர் நிலையே அறிவித்தது.

தேநீர் கொடுத்த பெரியவர் இதையெல்லாம் கேட்டு ஆச்சரியப்படவில்லை. நியூஃபவுண்ட்லாந்து 1949 வரை கனடாவோடு சேராத தனி ஆட்சி. 1902-ல் இவர்கள் பிரதமர் ராபர்ட் பாண்ட், இந்தக் கரை மீன் வரியில்லாமல் அமெரிக்கா போக ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தார். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறை மீனவர்களுக்காக அந்த மாநில செனட்டர் ஹென்றி கேபட் லாஜ் அதை எதிர்த்தார், 1905-ல் செனட் அதைச் செல்லாக்காசாக்கிவிட்டது. குளோஸ்டர்காரர்களும் ஏழை மீனவர்கள்தான் என்று பெரியவரே சொன்னார். அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

இப்போது உன் ஷெட்டுக்கு வருகிறேன். இந்தியாவுக்கு ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், 27-ல் 50. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த தனி வரிகளையும் சேர்த்தால் 58-க்கு மேல். நம்மோடு போட்டி போடும் ஈக்குவடாருக்கு 15. வரியை அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவன்தான் கட்டுகிறான். கட்டுகிறவன் உன் கம்பெனியிடம் விலையைக் குறை என்பான், இல்லையென்றால் ஈக்குவடாரிடம் போவான். கம்பெனி பண்ணைக்காரரிடம் குறைக்கும், அவர் குஞ்சு விடுவதைக் குறைப்பார், இறால் வராது, உன் மேசை காலியாகும். ஜூலையில் ராத்திரி ஷிஃப்ட் வைத்து உரிக்கச் சொன்னார்கள் என்றாயே, நினைவிருக்கிறதா? "நிறைய ஆர்டர்டா" என்று சந்தோஷப்பட்டாய். வரி வருமுன் கப்பலேற்ற எல்லோரும் முந்திய நேரம் அது. செப்டம்பர் வேலையையும் சேர்த்து நீ அப்போதே செய்து முடித்துவிட்டாய். உன் கை வேகத்தில் குறை என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதே.

இருபதாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறேன், பாப்பாவின் ஃபீஸுக்கு. வளையலை அடகு வைக்காதே, அத்தானிடமும் சொல். பண்ணை இறால் வராவிட்டால் கணவாய், கிளிமீன் வேலை எடுக்கும் கம்பெனி பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரி. அது வேறு நாடுகளுக்கும் போகிற சரக்கு. இங்கே இப்போது காட் மீனும் கடல் அட்டையும் ஓடுகிறது. ஆமாம், கடல் அட்டைதான். நம் மன்னார் வளைகுடாவில் 2001-லிருந்து தொடக்கூடாது, தொட்டால் கைது. இங்கே பெட்டி பெட்டியாக வெளிச்சத்தில் அறுக்கிறோம். முதல் நாள் எனக்குக் கை வரவே இல்லை.

நேற்று ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலை என் கையில் கொடுத்தார். ஜூலையில் எத்தனை நாள் போனாய், ஆகஸ்டில் எத்தனை, செப்டம்பரில் எத்தனை, இந்த மாதம் எத்தனை என்று பாப்பாவிடம் எழுதி அனுப்பச் சொல். மேலே உன் பேரைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், கீழே கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

அம்மாவின் கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
தம்பி