அரைக்கால் விநாடிப் பூ

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் படி ஏறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

சித்திரை பிறந்ததிலிருந்து ஆற்றங்கரைப் புங்கமரங்கள் பொரி கொட்டினதுபோல் பூவை உதிர்க்கின்றன. தாமிரபரணியில் தண்ணீர் குறைச்சல்தான், ஆனால் ஓட்டம் இருக்கிறது. ஒரு வாரமாக விடிந்ததும் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். ஓடும் நீரில் விழுந்த ஒற்றைப் பூவை எடுக்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். லேசில் சிக்கவில்லை.

முதல் நாள் ஷட்டரை 1/500 விநாடி மட்டும் திறந்து எடுத்தேன். பூ கச்சிதமாக இருந்தது, ஆறுதான் கண்ணாடிச் சில்லாக உறைந்துவிட்டது. மறுநாள் அரை விநாடி. தண்ணீர் பட்டாக வந்தது, பூ வெள்ளைக் கோடாகிவிட்டது. அப்புறம் கால், அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்று இறங்கிப் பார்த்தேன். உன் தாத்தா திண்ணையில் சொல்லிக்கொடுத்த கீழ்வாயிலக்கப் பின்னக் கணக்கு கேமராவிலும் அப்படியே இருக்கிறது, கவனித்தாயா? அதுவும் பாதி பாதியாகத்தான் குறைகிறது. மாகாணி மட்டும் கேமராவில் 1/16 இல்லை, 1/15.

ஐந்தாம் நாள்தான் வழி பிடிபட்டது. ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துத் திரும்புகிறது. அங்கே மாட்டிய பூ சட்டென்று போய்விடாமல் வட்டமடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாறையை ஒட்டித் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் அரைக்கால் விநாடி வைத்து அழுத்தினேன். பூ நின்றது, சுற்றிலும் நீர் ஓடியது.

வெளிச்சமும் படுத்தியது. இருண்ட தண்ணீரைப் பார்த்துக் கேமரா கூடுதல் வெளிச்சம் வாங்கிக்கொள்ள, பூ சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்த பிறகுதான் இதழில் இருக்கும் அந்த இளம் ஊதா தெரிந்தது. லென்ஸ் முன்னால் மாட்டிய, பளபளப்பை வெட்டும் போலரைசர் கண்ணாடியைத் திருகினேன். மேலே மினுங்கிய வானம் விலகி அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன.

நீ இருந்திருந்தால் ஒரு பூவை எடுத்துப் பாறைமேல் வைத்திருப்பாய். ஃபிலிம் காலத்தில் நாம் அப்படித்தான் செய்தோம். ஒரு ரோலில் 36 படம், அதற்குள் முடிக்க வேண்டும். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நாம் வைத்த பூக்களெல்லாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், பழைய படங்களை எடுத்துப் பார். இந்தப் பூ அப்படி இல்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து, காம்போடு ஒட்டிய காப்பிப்பொடி நிறக் கிண்ணம் மேலே தெரியச் சாய்ந்து கிடக்கிறது. விழுந்தபடியே இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பிரின்ட் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் பாதி இதழ் மங்கியிருக்கிறது, நான் அதைச் சரிசெய்யவில்லை. உனக்கு எப்படிப் படுகிறது என்று எழுது.

இன்னும் சில நாள்தான் பூ இருக்கும். கால் சரியானால் அதற்குள் வா. நீ ஆற்றில் இறங்க வேண்டாம், படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்தாலே அந்தச் சுழி தெரியும்.

அன்புடன்,
சுப்பு