வளைவின் வெளிப்பக்கம் நிற்பவர்களுக்காக ஒரு மடல்

இலங்கையில் மண்பாதைகளில் மோட்டார் பந்தயம் நடத்தும் இராணுவ, சிவில் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். தியத்தலாவை நரியாகந்தையில் கார் ஓடும் நாள் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் முதல்நாள் இரவு தூக்கம் வராது. ஃபொக்ஸ், அதாவது நரி, என்ற பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள் அந்த மலைச்சரிவில் கல் அடுக்கி நரி உருவம் செய்து வைத்ததால் வந்த பெயர் அது என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நாங்களும் புதிதாகக் கேட்பது போலக் கேட்போம்.

வளைவின் வெளிப்பக்கம்தான் நல்ல இடம் என்று எல்லோரையும் முந்திக்கொண்டு போய் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். நேர்பாதையில் கார் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வளைவில்தான் பின்சக்கரம் சறுக்கி, பக்கவாட்டில் திரும்பி, செம்மண்ணை எங்கள்மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும். அப்பாவின் கையில் இருக்கும் பிளேன்டீயில் மண் மிதக்கும். விரலால் வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்பார். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றினால் மூன்றாவது வாளித் தண்ணீரும் சிவப்பாகவே ஓடும்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வருடம் நின்றுபோயிருந்த பந்தயம் திரும்பவும் நடந்த நாள். அனுமதி இலவசம், கூட்டம் ஒரு இலட்சம் என்றார்கள். ஒரு கார் பாதையோரம் புரண்டது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மஞ்சள் கொடி காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் பாதையை விட்டு விலகி ஆட்களுக்குள் பாய்ந்தது. ஏழு உயிர் போனது. அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது. நான்கு பேர் பந்தயப் பணியில் நின்றவர்கள். நான் அன்று போகவில்லை. கைத்தொலைபேசியில் வந்த காணொளியை முழுதாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனிப் பந்தயமே வேண்டாம் என்று எழுதவில்லை. மலையகத்தில் ஏழை பணக்காரன், சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே புழுதியைத் தின்று, ஒரே காருக்குக் கைதட்டுகிற நாள்கள் குறைவு. தேநீர்க் கடைக்காரருக்கும் அவித்த சோளம் விற்கிறவருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் அந்த ஒரு நாள் உழைப்பு பெரிது. நான் கேட்பது வேறு.

மண்ணில் டயருக்குப் பிடி குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் மேல்மண் உழப்பட்டுக்கொண்டே போகும். காலையில் இருந்த பாதை மத்தியானம் இருக்காது. முன்னால் போகும் காரின் புழுதி பின்னால் வருகிறவரின் கண்ணை மறைக்கும். பிடி விட்ட கார் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் போகும். என் அப்பா தேடிப்பிடித்த அந்த நல்ல இடம், சாவுக்கு மிகக் கிட்டிய இடம். அவருக்கு இது தெரியாது. ஓட்டுகிறவருக்கும் உங்களுக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் தடுக்க வேண்டும். சனம் சொன்னால் கேட்பதில்லை என்பதை ஒரு பதிலாக நான் ஏற்கமாட்டேன். நிற்க இடமே வைக்காவிட்டால் யார் போய் நிற்பது?

வளைவுகளின் வெளிப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அதற்கு அப்பால் ஆளுயர மண் அணை போட்டு, முன்னால் பழைய டயர்களைக் கட்டி அடுக்குங்கள். பார்வையாளரை மேட்டில் உட்கார வையுங்கள். மலைநாட்டில் மேட்டுக்கா பஞ்சம்? இலவசமாக விட்டாலும் நுழைவுச் சீட்டு கொடுத்து எண்ணி விடுங்கள். இடம் நிரம்பினால் வாசலைச் சாத்துங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். கார் புரண்டால் சிவப்புக் கொடி காட்டி மொத்தப் பந்தயத்தையும் நிறுத்துங்கள். எல்லாக் காரும் நின்ற பிறகு உதவிக்கு ஓடலாம். கொடி பிடிக்கிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. எச்சரிக்கை அறிவிப்பு தமிழிலும் ஒலிக்கட்டும். எங்கள் தோட்டங்களிலிருந்து வருகிற ஆத்தாமாருக்கு அதுதான் விளங்கும்.

1986இல் போர்த்துக்கல் ரலி என்ற கார்ப் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து மூன்று பார்வையாளர்கள் இறந்தார்கள். அந்த வருடத்தில் நடந்த இன்னொரு கோர விபத்தும் சேர, ‘குரூப் பி’ என்ற அதிவேகக் கார் வகையையே உலகப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரலி இன்றும் ஓடுகிறது.

நரியாகந்தையில் எது பிழையாய்ப் போனது, எது மாற வேண்டும் என்பதை மூன்று மொழியிலும் எழுதி, எந்த ஊரில் பந்தயம் வைத்தாலும் வாசலில் ஒட்டுங்கள். இறந்த ஏழு பேரின் பெயரையும், வீட்டார் சம்மதித்தால், அந்தப் பலகையிலேயே போடுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் முடியாது. ஆனாலும் ஏப்ரல் பிறந்தால் கேட்பார். மேட்டில் இடம் ஆயத்தமானதும் அறிவியுங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளை ஒருவன்